தந்தித் தமிழில் ஒரு சுதந்திர தினம்

இந்தியாவின் சுதந்திரப் பிரகடனத்தைக் கரவெட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சனங்களுக்குத் தமிழில் அறிவித்தவன் நான்தான். எண்பத்தெட்டாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினைந்தாம் திகதி அறிவித்தேன். நாற்பத்தொரு வருடம் பிந்திவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது நான் உப தபாலதிபர். தபால் கந்தோர் என்பது எங்கள் வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, கம்பி அடித்த யன்னல். பின்னால் மனைவி குழம்பு தாளித்தால் அந்த மணம் கடிதங்களோடு சேர்ந்து கொழும்பு வரை போகும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அது தந்திகளால் வந்த பெயர். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று வந்தால், "அப்பருக்குக் கடுமையாம், உடனை வெளிக்கிடட்டாம்" என்று சொல்வேன். பதினெட்டு வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஆங்கிலம் படித்தவன் ஆனேன். ஆறு சொல்லுக்கு மேற்பட்ட ஆங்கில வசனத்தைக் கண்டால் எனக்கு மூச்சு முட்டும் என்பது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

கூட்டுறவுச் சங்கக்கடையின் பழைய களஞ்சியத்தில், அமைதி காக்க என்று வந்த இந்திய ஆமி முகாம் போட்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக ஒரு கப்டன். பஞ்சாப் பக்கத்து மனிதர். வயது முப்பது இருக்காது, ஆனால் மீசை மட்டும் கேணல் தரத்தில் இருந்தது. ஒரு நாள் காலை ஜீப்பில் வந்து இறங்கி, சப்பாத்தை வாசலில் தட்டித் துடைத்துவிட்டு, யன்னலுக்குள்ளால் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார்.

பதினைந்தாம் திகதி பள்ளிக்கூட முற்றத்தில் இந்தியச் சுதந்திர தினம் கொண்டாடப் போகிறார்களாம். வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டுமாம். அவர் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். வழக்கமாக மொழிபெயர்க்கும் மதுரைச் சிப்பாய் லீவில் ஊருக்குப் போய்விட்டான்.

"பள்ளிக்கூட அதிபர் இருக்கிறாரே?" என்றேன்.

"அவருக்கு நேற்று மாலை காய்ச்சல் வந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தது. அவர்தான் உங்கள் பெயரைச் சொன்னார்."

"ஆங்கில ரீச்சர்?"

"சுன்னாகத்தில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாராம்."

நான் தலையாட்டினேன். கப்டன் கை குலுக்கினார். "நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஜீப் போனதும் மனைவி அகப்பையோடு வெளியே வந்தார். "ஏனப்பா ஓம் எண்டு சொன்னியள்?"

"நான் எங்கை ஓம் எண்டனான்? தலைதான் ஆடினது."

மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளில் வந்து ஒரு முத்திரை வாங்கினார். கையில் கடிதம் எதுவும் இல்லை. முத்திரையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஐயா, பதினைஞ்சாந் திகதி நீங்கள்தானாம் மொழிபெயர்க்கிறது" என்றார்.

"ஓம். கேட்டவை. மறுக்கேலாமல் போட்டுது."

"பரவாயில்லை. அவர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டாதேங்கோ, குறைக்காதேங்கோ." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் பின்னறையில் நின்று கேட்ட மனைவி, "இதைத்தானேயப்பா அந்தக் கப்டனும் சொன்னவன்?" என்றார். அந்த வருடத்தில் ஆமியும் ஆமியோடு சண்டைபிடித்த இயக்கமும் ஒரே கருத்தோடு இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவித்தார்கள். அறிவித்த சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனவன், கடைசியில் 'லைட் ரிஃபிரெஷ்மென்ட்ஸ்' என்பதை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சங்கக்கடை மனேச்சர் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டு விளக்கம் சொன்னார்: "லைட்டுக்கு ஏதோ குடுக்கினமாம்." மின்சாரம் நின்று மாதக் கணக்காகியிருந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. செய்தி பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது.

அதனால் பதினைந்தாம் திகதி காலை வீட்டுக்கு ஒருவர் அல்ல, வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெறும் போத்தல். வேப்பமர நிழலில் இருந்து சங்கீத அறை வாசல் வரை சனம். கப்டன் பூரித்துப் போனார்.

"இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏன் எல்லோரும் போத்தல் வைத்திருக்கிறார்கள்?"

"வெயில், சேர்" என்றேன்.

கொடி ஏறியது. சிப்பாய்கள் தங்கள் கீதத்தைப் பாடினார்கள். பிறகு கப்டன் பேசத் தொடங்கினார். ஆளில் ஒரு பிழையும் சொல்ல முடியாது, மனதிலிருந்துதான் பேசினார். சுதந்திரப் பிரகடனம் வந்த இரவில் அவருடைய தகப்பனார் சின்னப் பையனாம். கிராமத்திலேயே ஒரு வீட்டில்தான் வானொலியாம். முற்றத்தில் நானூறு பேர் கூடி நின்று கேட்டார்களாம், ஆங்கிலம் விளங்காதவர்களும் அழுதார்களாம். பிறகு எருமை மாட்டுக்குக்கூட மாலை போட்டார்களாம். நாலு நிமிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குத் துண்டு துண்டாகத்தான் விளங்கியது. பதினெட்டு வருடத் தந்திப் பழக்கம் கை கொடுத்தது. "பன்னிரண்டு மணிக்குச் சுதந்திரம். எல்லாருக்கும் சந்தோசம்" என்றேன்.

கப்டன் புருவத்தை உயர்த்தினார். "இவ்வளவுதானா?"

"தமிழ் மிகப் பழைய மொழி, சேர். சுருக்கமாகச் சொல்லும்."

"போஸ்ட்மாஸ்டர், இன்றைக்குச் சுருக்கமாகச் சொல்லும் நாள் அல்ல. ஒரு வசனம் நான் பேசுகிறேன், ஒரு வசனம் நீங்கள் பேசுங்கள்."

அப்படித்தான் வினை தொடங்கியது. அவர் வசனம் வசனமாகப் பேசினார். வசனம் சின்னதானதால் எனக்கு நன்றாக விளங்கவும் செய்தது. நானும் மேடைத் தமிழில், குரலை உயர்த்திச் சொன்னேன்.

"அந்நியப் படை எங்கள் மண்ணுக்கு வந்தது!"

முற்றத்தில் தலைகள் நிமிர்ந்தன.

"உங்களுடைய நன்மைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னது!"

யாரோ இருமினார்கள்.

"எங்கள் தெருவில் எங்களை மறித்து, நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டது!"

முன்வரிசையில் இருந்த சங்கக்கடை மனேச்சர் மெல்லத் திரும்பி, சுவரோரம் துவக்கோடு நின்ற சிப்பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கப்டன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொன்னார். எனக்கு வேறு வழியில்லை.

"நாங்கள் அவர்களைப் பார்த்துச் சொன்னோம்: இது எங்கடை ஊர். வெளிக்கிடுங்கோ!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டலை அந்தப் பள்ளிக்கூடம் பரிசளிப்பு விழாவில்கூடக் கேட்டதில்லை. போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள். விசில் பறந்தது. தமிழ் தெரியாத சிப்பாய்களும் தங்கள் நாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுச் சேர்ந்து தட்டினார்கள். கப்டனின் கண் கலங்கிவிட்டது. "உங்கள் சனங்கள் எங்கள் வரலாற்றை எவ்வளவு ஆழமாக உணர்கிறார்கள்!" என்றார்.

"ஓம் சேர். நல்லா உணர்கிறார்கள்."

அந்த உற்சாகத்தில் அவர் கேள்வி கேட்கலாம் என்றும் அறிவித்துவிட்டார். நான் அதை மட்டும் மெதுவான குரலில் மொழிபெயர்த்தேன். ஆனாலும் பின்வரிசையில் ஒரு பெண் எழும்பிவிட்டார். தினமும் கடற்கரையில் இருந்து மீன் கடகத்தைத் தலையில் சுமந்து வந்து ஊருக்குள் விற்பவர். வருகிற வழியில் ஆமி மறித்துச் சோதிக்கும் இரண்டு சென்றி. இரண்டிலும் கடகத்தை இறக்கி, மீனைக் கிளறிக் காட்டிவிட்டுத்தான் வரவேண்டும்.

"ஐயா, உவரை ஒருக்கால் கேளுங்கோ. வந்த வெள்ளைக்காரன் திரும்பிப் போக எத்தினை வரியம் செண்டது?"

நான் கேட்டேன். கப்டன் பெருமையோடு நிமிர்ந்தார். "ஏறக்குறைய இருநூறு வருடம்."

"இருநூறு வருடம்" என்றேன்.

முற்றம் முழுவதிலும் இருந்து "ஐயோ!" என்று ஒரு ஓசை எழும்பியது. செத்த வீட்டில்கூட அவ்வளவு ஒருமித்து வராது. மீன்காரப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "அதுவரைக்கும் என்ரை மீன் தாங்குமே?"

"ஏன் கவலைப்படுகிறார்கள்?" என்று கப்டன் கேட்டார்.

"இந்தியா பட்ட துன்பத்தை நினைத்து, சேர்."

"அந்த அம்மா கடைசியாக என்ன சொன்னார்?"

"அவர் மீன் விற்பவர், சேர். மீனைப் பற்றிச் சொல்கிறார்." அது உண்மைதானே.

கப்டன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற சிப்பாய்களைப் பார்த்தார். பிறகு கையில் மீதமிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "லட்டு கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மறுநாளில் இருந்து சென்றியில் மீன் கடகத்தின் மூடியைத் திறந்து பார்த்ததோடு விட்டார்கள்.

லட்டு ஆளுக்கு ஒன்று வந்தது. யாரும் எழும்பவில்லை. போத்தலைப் பிடித்தபடி இருந்தார்கள். கடைசியில் மனேச்சரே முன்னுக்கு வந்து, "போஸ்ட்மாஸ்டர், லைட்டுக்கு எண்டு சொன்ன சாமான் எப்ப வரும்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் எடுத்தது. கப்டனுக்கு விளக்கிச் சொல்ல இன்னும் மூன்று நிமிடம் எடுத்தது. அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு மீசை ஆட ஆடச் சிரித்தார். முகாமில் இருந்து ஒரு கான் மண்ணெண்ணெய் வந்தது. போத்தலுக்கு இரண்டு விரல் உயரம் என்று ஊற்றினார்கள். காய்ச்சல்கார அதிபரும் எப்படியோ ஒரு போத்தலோடு வரிசையில் நின்றார்.

சைக்கிளில் வந்தவர் இரண்டு நாள் கழித்து வந்தார். நான் யன்னலைப் பாதி சாத்தினேன். "ஐயா, நல்ல மொழிபெயர்ப்பாம்" என்று சொல்லி, இன்னொரு முத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

கப்டனுக்கு மாற்றம் வந்துவிட்டது. அடுத்த ஓகஸ்டில் புதிய அதிகாரி முகாமுக்குள்ளேயே கொடி ஏற்றிக்கொண்டார். யாரையும் அழைக்கவில்லை, பேச்சும் இல்லை. பகல் பத்து மணிக்கு ஒரு சிப்பாய் மட்டும் ஒரு எவர்சில்வர் தட்டில் இனிப்புக் கொண்டுவந்து தபால் கந்தோர் யன்னலில் வைத்தான். தட்டுக்காகக் காத்து நின்றான். நான் இனிப்பைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கொடுக்கப் போனேன். மனைவி மறித்தார்.

"வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்கிறதே? என்ன பழக்கமப்பா?"

வீட்டில் அன்றைக்குக் கொடுக்கக் கூடியதாக இருந்தது முருங்கைக்காய்தான். ஒரு பிடி பிடுங்கித் தட்டில் அடுக்கினார். அது தட்டை விட இரண்டு மடங்கு நீளம். சிப்பாய் அதை வாழ்நாளில் கண்டிருக்கமாட்டான். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தான், மோந்து பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்து ஏதோ கேட்டான்.

"என்னவாம்?" என்றார் மனைவி.

"எனக்கு ஹிந்தி தெரியாது" என்றேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் அதுதான் மிக நிம்மதியான வசனம். மனைவி காயைக் கடித்துச் சப்பித் துப்புவதுபோல் சைகையால் செய்து காட்டினார். அவன் தலையாட்டிவிட்டு, தட்டை ஒரு கையிலும் முருங்கைக்காய்களைத் தோளிலுமாக வைத்துக்கொண்டு, வேலியோரமாக முகாமுக்கு நடந்தான்.