சவுண்டு அக்கா தட்டிப் பார்த்த அறை

சவுண்டு அக்கா எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரு தடவை கை தட்டுவார். ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து, தட்டிய சத்தம் எங்கே போய் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பார். வங்கியில் தட்டியிருக்கிறார், லிஃப்டுக்குள் தட்டியிருக்கிறார், துக்கம் கேட்கப் போன வீட்டில் கை எழுந்துவிட, பாதியில் அடக்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குள் கால் வைத்த முதல் நாளும் தட்டினாராம். மருமகள் தன்னைத்தான் கை தட்டிக் கூப்பிடுகிறாள் என்று மாமியார் அடுப்படியிலிருந்து வந்து முறைத்துக்கொண்டு நின்றாராம். அந்தக் கோபம் ஆற ஒரு வருஷம் ஆனது என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது. எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வருவதற்கு முன் அக்கா பன்னிரண்டு வருஷம் காது பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறைக்குள் நோயாளி உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார், கேட்கும்வரை நோயாளி விரலைத் தூக்க வேண்டும். அந்தப் பிரிவை மூடியதும் எங்கள் கடையின் ஆடியோ பிரிவில் வந்து சேர்ந்தார். அத்தனை வருஷம் அமைதிக்கு நடுவில் வேலை பார்த்த மனுஷியைக் கொண்டுவந்து எங்கள் தளத்தில் நிறுத்தியது, என்னைக் கேட்டால், அநியாயம்.

அந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு உண்டு. நான் டிவி பிரிவு. ஆடியோ மூலைக்கு எதிர்ச் சுவர் முழுக்க என்னுடைய நாற்பத்தாறு டிவிகள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நாற்பத்தாறும் ஒரே விளம்பரத்தைக் கத்தும். எனக்கு இடப்பக்கம் வாஷிங் மெஷின் சுற்றும், வலப்பக்கம் மிக்ஸி அரைக்கும், தலைக்கு மேலே மைக்கில் ஒரு பெண் சலுகைகளை ஒப்பிப்பாள். தரை பளபள டைல்ஸ், முகப்பு முழுக்கக் கண்ணாடி. அக்கா முதல் நாள் அங்கே தட்டியபோது கை அசைந்ததுதான் தெரிந்தது. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “டிவி” என்றுதான் கூப்பிடுவார், அதிலும் பாதி நாள் திட்டுவதற்காக.

ஆடியோ மூலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் நின்றது. என் நெஞ்சு உயரம், மரத்தாலான உடம்பு, தூக்க ரெண்டு ஆள் வேண்டும். இப்படியொன்று இருந்தால் கடைக்குக் கௌரவம் என்று தலைமை அலுவலகம் அனுப்பி வைத்தது. கௌரவம் எட்டு மாதமாக ஒயர்கூட இணைக்காமல், ‘தொடாதீர்கள்’ பலகையோடு தூசி வாங்கிக்கொண்டிருந்தது. அக்கா தினமும் காலையில் அதைத் துடைப்பார். துடைக்கும்போது முணுமுணுப்பார். என்ன முணுமுணுக்கிறார் என்று கேட்கப் போய் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆம்ப்ளிஃபையரை இழுத்து, ஒயரை மாட்டி, அங்கேயே போட்டுக் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் பொறுமையாக ரெண்டு நிமிஷம் நின்றார். அந்த ரெண்டு நிமிஷத்தில் என் டிவிகள் ஒரு சோப்பு விளம்பரத்தை நாலு தடவை பாடி முடித்தன. கடைசியில் அவர் பக்கத்து அலமாரியைக் காட்டி, “இதவிட அந்த லைட்டு எரியிற டப்பா நல்லா சத்தமா இருக்குங்க” என்றார். அந்த டப்பாவையே வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தனியாக ஒரு அறை கொடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர். அறை கட்டும் இடத்தில் அறுபது மைக்ரோவேவ் அடுக்கலாம் என்றார். ஸ்பீக்கரைக் கேட்க வருகிறவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், அதே நேரத்தில் டிவி பிரிவு எட்டு டிவியைத் தள்ளிவிடும் என்று என்னை வேறு கை காட்டினார். கேட்பவரும் கேட்டு முடித்து, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுவார் என்றார். எந்தக் கடையிலும் இதனால்தான் போட்டுக் காட்டுவதில்லை என்று முடித்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

பெரிய தள்ளுபடி விற்பனைக்கு மூன்று நாள் இருந்தது. சரக்கு எண்ண அக்காவும் நானும் கடைக்குப் பின்னாலிருந்த குடோனுக்குப் போனோம். விற்பனைக்காக வந்து இறங்கிய பெட்டிகள் தரையிலிருந்து கூரைவரை நின்றன. ஏசி, பிரிட்ஜ், என் டிவிகள், ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று ஒழுங்கில்லாமல் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம். அக்கா பழக்கதோஷத்தில் தட்டினார். தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை தட்டினார். எனக்கே தெரிந்தது, சத்தம் போனது, திரும்பி வரவில்லை.

“டிவி, டிராலி எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜோடியை உருட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினோம். அக்கா பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். ஒரு பெண் குரல், ஒரே ஒரு தந்தி வாத்தியம், வேறொன்றும் கிடையாது. நான் ஒரு பிரிட்ஜ் பெட்டியில் சாய்ந்துகொண்டேன். முதல் வரி முடிந்து, அடுத்த வரிக்கு அந்தப் பெண் மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு எனக்கு நாலு அடி தூரத்தில் கேட்டது. அப்புறம் இடப்பக்கம் யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே பெட்டிகள்தான் இருந்தன. அசைந்தது வாத்தியம் வாசித்தவரின் நாற்காலி, என்றோ எங்கோ ஒலிப்பதிவு செய்தபோது. சொன்னால் சிரிப்பீர்கள், பதினைந்து வருஷமாக டிவியும் சத்தமும் விற்கிற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்கா பாட்டைக் கேட்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார். டிவி வாங்க வந்தவர், மறுபடி மூலைக்கே திரும்பியிருந்த அந்த ஜோடியின் முன்னால் நின்றுவிட்டார். நாள் பூராவும் பல்லைக் குடையும் மெஷின் சத்தம்தான் காதில், வீட்டுக்குப் போனால் நல்லதாக ஒன்று கேட்க வேண்டும் என்றார். ஏழு கடை ஏறி இறங்கியிருக்கிறார், எங்குமே போட்டுக் காட்டவில்லையாம். “நீங்களாவது போடுவீங்களா, இல்ல கண்ணால பாத்துட்டுப் போகணுமா?” என்று கேட்டார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, கடை திறக்கும் முன் வரச் சொன்னார் அக்கா. சொன்ன பிறகுதான் மேனேஜரிடம் அனுமதி கேட்டார்.

மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பு, ஆடியோ மூலையை எடுத்துவிடு என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. “திங்கட்கிழமை ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. விக்கலன்னா செவ்வாய்க்கிழமை அது திரும்பிப் போகுது, நீங்க வாஷிங் மெஷினுக்குப் போறீங்க” என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார். படியிறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, காதை வைத்துப் பிழைக்கிற கடைசி வேலை இது, இதுவும் போனால் இனி எனக்கு நுரையும் தண்ணியும்தான் என்றார்.

சனி, ஞாயிறு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஜனம் கதவை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. நான் மட்டும் நூற்றுப் பதினேழு டிவி விற்றேன். மேனேஜர் மைக்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அக்காவும் நானும் ஸ்பீக்கர்களை டிராலியில் உருட்டிக்கொண்டு துள்ளலாகப் போய்க் குடோன் கதவைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு ரேக்குகள், சிமெண்டுத் தரை, மூலையில் நாலு பெட்டி.

அக்கா தட்டினார். அந்தத் தட்டு மூன்று தடவை திரும்பி வந்தது.

எங்கள் ரெண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. சரக்கு எண்ணியவர்களே நாங்கள்தான், இருந்தும் தோன்றவில்லை. அக்கா ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். “ரெண்டு நாளா இந்த ரூமைத்தான் வித்துக்கிட்டிருந்தோம், டிவி” என்றார். அதில் நூற்றுப் பதினேழு பெட்டியை விற்றவன் நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது வெளியே டெலிவரி வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தார் பாருங்கள், ஓட்டம் என்றால் ஓட்டம். வேனுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். பிரிட்ஜில் கீறல் விழாமல் சுற்றிக் கட்ட வேனில் தடித்த கம்பளிகள் இருக்கும். பதினாலு கம்பளியையும் இறக்கச் சொன்னார். கம்பளி இல்லாமல் பிரிட்ஜை எப்படி ஏற்றுவது என்று டிரைவர் சண்டைக்கு வந்தார். அரை மணி நேரத்தில் திருப்பித் தருகிறேன் என்று சத்தியம் செய்து பறித்துக்கொண்டு வந்தார். ரேக் ரேக்காகத் தொங்கவிட்டோம். தட்டினார். எதிரொலி ஒன்றாகக் குறைந்தது. பின் சுவர் இன்னும் வெறுமையாகவே இருந்தது, மணி ஒன்பதேகால்.

காலைக் கூட்டத்துக்கு ஊழியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே இழுத்தார். மிக்ஸிக்காரர்கள், மைக்கில் பேசும் பெண், காவலாளி, பில் போடுபவர்கள் என்று முப்பத்தொரு பேர். கூட்டம் ஏன் இங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்த மேனேஜரையும் விடவில்லை. மிச்சமிருந்த ஒரு கம்பளியை அவர் தோளில் போட்டு மூலையில் நிறுத்தினார். ஆள் உடம்பு சத்தத்தை நன்றாகக் குடிக்கும் என்று விளக்கம் வேறு.

“எல்லாரும் சுவரா நில்லுங்க. இருமல் வர்றவங்க இப்பவே இருமிடுங்க” என்றார்.

ஏழெட்டுப் பேர் ஒழுங்காக இருமினார்கள். அக்கா கடைசியாக ஒரு தட்டுத் தட்டினார். எதுவும் திரும்பி வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

டாக்டர் அம்மா உள்ளே வந்து, கம்பளி போர்த்திய மேனேஜரைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா பாட்டைப் போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். குரல் வந்தது, வரி முடிந்தது, மூச்சு இழுத்தாள். இடப்பக்கம் நாற்காலி அசைந்தது. டாக்டர் அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவர் மட்டுமா? முப்பத்தொரு சுவரும் திரும்பியது. எட்டு மாதமாக அந்த ஜோடியை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து போனவர்கள், அது பேசி அன்றுதான் கேட்டார்கள். மேனேஜர் திரும்பியதோடு நிற்காமல், யார் அது என்று ரேக்குக்குப் பின்னால் எட்டியும் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. டாக்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வீட்லயும் இப்படியே கேக்குமா?” என்றார்.

வீடு எப்படி என்று அக்கா விசாரித்தார். தரை முழுக்க மார்பிள், பெரிய பெரிய ஜன்னல், சாமான் அதிகம் கிடையாது என்றார் டாக்டர். நான் அக்காவை ஜாடையில் கெஞ்சினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிவிடும். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்போ கேக்காதுங்க” என்றார் அக்கா.

குடோனில் ஒரு பெருமூச்சு ஓடியது. டாக்டர் அம்மா மட்டும் சிரித்தார். “இருபத்திரண்டு வருஷமா வாயத் தொறக்கச் சொல்லி வலிக்காதுன்னு பொய் சொல்றவ நான். நீங்க கேக்காதுன்னு சொல்றீங்க. கேக்க வைக்க என்ன செய்யணும்?” என்றார்.

“வீட்டுக்கு வந்து ஒரு தடவ தட்டிப் பாக்கணும்.”

ஸ்பீக்கரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட, மேனேஜர் தோளில் கம்பளியோடு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஜோடியைக் கம்பளிகளில் சுற்றி வேனில் ஏற்றினோம். அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். அன்று கடை பத்து நிமிஷம் தாமதமாகத் திறந்தது. என்னால் ஒரு டிவிகூட விற்க முடியவில்லை. வந்தவர்களிடம் என்ன பேசினேன் என்றே தெரியாது, கண் வாசலிலேயே இருந்தது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் மட்டும்தான் இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

“ஸ்பீக்கரும் இல்ல, கம்பளியும் இல்ல” என்று டிரைவர் மேனேஜரிடம் கத்தினார். “ஸ்பீக்கர அந்த டாக்டரம்மா வாங்கிட்டாங்க. திரைச்சீலை தச்சு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு அக்கா கம்பளிய அவங்க வீட்டுச் சுவர் பூரா மாட்டி விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கேட்டுட்டு, எங்க வீட்லயும் தட்டிப் பாருங்கன்னு அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப மூணு பிரிட்ஜ் போகணும் சார், நான் எதச் சுத்துறது?”

மேனேஜர் மேஜை மேலிருந்த தலைமை அலுவலகக் கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

“புதுசா இருபது கம்பளி வாங்குங்க” என்றார். “பத்து வேனுக்கு, பத்து அக்காவுக்கு.”