ரிச்சர்ட்ஸ் டவுனில் அரை கப் கார்பனாரா

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவருக்குச் சமைத்துப்போட பெங்களூருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பீர்களோ தெரியாது. இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஆனேக்கலிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய் கார்பனாரா செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வழி நெடுகப் பயந்துகொண்டே போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்பனாரா இத்தாலிக்காரர்களின் பாஸ்தா. முட்டை, சீஸ், பன்றி இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். க்ரீம் ஊற்றினால் அது வேறு பண்டம். அக்காவின் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸ் வாரத்துக்கும் நான் செய்வேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பதினோரு மாதமாக அது இல்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கின்றன. நமக்கு இரண்டு நாள் சளி என்றால் அவளுக்கு ஆஸ்பத்திரி. சரியாக வேகாத முட்டையும் அப்படித்தான். கார்பனாராவிலோ முட்டையை நேராக அடுப்பில் வைப்பதே இல்லை, பாஸ்தாவின் சூட்டில்தான் வேக வேண்டும். அக்கா டயட்டீஷியனை நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு கப், உப்பு குறைவாக, முட்டை எழுபத்திரண்டு டிகிரியைத் தொட்டாக வேண்டும்.

கூட்டமிருக்காது என்று காலை 6.10 பஸ்ஸைப் பிடித்தேன். மெட்ரோ வேகம்தான், ஆனால் அது மூடிய ஏசி பெட்டி, எனக்குத் தைரியமில்லை. ஜன்னல் சீட், முகக்கவசம், மடியில் பை. பைக்குள் ஆறு முட்டை, ஒரு பாக்கெட் ஸ்பகெட்டி பாஸ்தா, சமையல் தெர்மாமீட்டர். சந்தாபுராவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சினார். எழுந்து, மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரும்வரை நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது மணி 7.55.

அங்கிருந்து ஆட்டோ. கன்டோன்மென்ட் ஸ்டேஷனைத் தாண்டியதும் டிரைவர் இருமினார். ஓரமாக நிறுத்தச் சொல்லி நூறு ரூபாய் கொடுத்து இறங்கிவிட்டேன்.

“இன்னா சார், பீடி இருமலுக்கே எறங்கிட்டீங்க?” என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மிச்சமிருந்த இரண்டரை கிலோமீட்டரையும் நடந்தே கடந்தேன். வழியில் கோல்ட் ஸ்டோரேஜ் என்று போர்டு போட்ட ஒரு இறைச்சிக் கடையில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டுகள், 280 ரூபாய்க்கும், நூறு கிராம் பார்மெசான் சீஸ் 350 ரூபாய்க்கும் வாங்கினேன்.

9.15க்கு அக்கா வீடு. மாமா வேலைக்குப் போயிருந்தார். சோப்பு போட்டுக் கையை இரண்டு முறை கழுவினேன். பேக்கன் மொறுமொறுவென்று ஆகும்வரை வதக்கினேன், தண்ணீர் கொதித்தது, பாஸ்தாவைப் போட்டேன். மிளகை வறுத்து இடிக்கும்போது எனக்கு இரண்டு தும்மல் வந்தது.

என் உயிரே போய்விட்டது. இது மிளகா, பஸ்ஸில் ஒட்டிக்கொண்டதா? குழவியைப் போட்டுவிட்டு வெளியே போர்ட்டிகோவுக்கு ஓடினேன். தொண்டை கரகரப்பது போலவும் நெற்றி சுடுவது போலவும் இருந்தது. அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே பாஸ்தா வெந்துகொண்டிருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து வரிசையாக மூன்று தும்மல் கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“மிளகுடா மடையா. வந்து அடுப்பப் பாரு.”

போனேன். மஞ்சள் கருவையும் சீஸையும் கலந்து, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கிண்ணத்தைப் பிடித்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று. கொஞ்சம் ஏமாந்தால் பொடிமாஸ் ஆகிவிடும். எழுபத்திரண்டு வந்தும் நம்பாமல் எழுபத்து மூன்று வரை விட்டேன். ஓரத்தில் லேசாகத் திரிந்தது, பரவாயில்லை. ஸ்பகெட்டியையும் பேக்கனையும் போட்டுப் புரட்டினேன். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, வெளியே நிற்கிறேன், நீ சாப்பிடு என்றேன்.

“பதினோரு மாசமா தனியாதான் துன்றேன். உன் பயத்தையும் சேர்த்துத் துன்ன முடியாது. உக்காரு.”

எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு, மேஜையின் அந்தக் கோடியில் முகக்கவசத்தைக் கழற்றி உட்கார்ந்தேன். அவள் மெதுவாக, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன்.

பின்னாடி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் பஸ்ஸில் போங்கள். தெர்மாமீட்டரை மறக்காதீர்கள். அளவையும் சூட்டையும் உங்கள் நோயாளியின் மருத்துவரிடமே கேளுங்கள், என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். மிளகை வீட்டிலேயே இடித்து டப்பாவில் கொண்டுபோனால் மானம் மிஞ்சும். திரும்பி வந்ததும் ஐந்து நாள் காலையிலும் மாலையிலும் அவளிடம் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. எனக்கும் சளி பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே செய்தி அனுப்பினாள்: “ஜுரம் இல்ல. அது இன்னும் கொஞ்சம் கெடச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.”

அனுமதி ஒரு கப்புக்கு இருந்தது. நான் போட்டது அரை கப். மிச்சத்தை அவள் பார்க்காமல் கவரில் கட்டி எடுத்துவந்து மெஜஸ்டிக்கில் குப்பைத்தொட்டியில் போட்டேன். பயம் அப்படிச் செய்ய வைத்தது. என் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிப்பவள் அவள்தான். அக்கா, சட்டியில் இன்னும் இருந்தது.