இரண்டாம் நாற்காலியின் உயரம்

வாடிக்கையாளர்கள் அவரைக் கத்தரி அக்கா என்றே அழைத்தார்கள். பெண்களுக்கான அந்த முடிதிருத்தும் நிலையத்தில் நாற்காலிகள் இரண்டு. கதவருகில் இருப்பது அவருடைய நாத்தனாருக்கு. ஜன்னலை ஒட்டியிருப்பது பதினேழு ஆண்டுகளாக அவருக்கு. மிதிக்க மிதிக்க உயரும், அழுத்திப் பிடித்தால் இறங்கும் நாற்காலி அது.

அது வாரத்துக்கு வாரம் இறங்கிவந்ததை முதலில் கவனித்தவர் நாத்தனார்.

"என்ன அண்ணி, வர்றவங்களத் தரையிலயே உக்கார வெச்சிடுவீங்க போல. அந்தம்மாவுக்கு முட்டி காதுல இடிக்குது."

"தாழ இருந்தா வெட்டு நேரா வரும்."

அவர் அதை நம்பியே சொன்னார். நாளெல்லாம் கையைத் தூக்கி நிற்பவருக்குத் தோள் தளராதா? விரல்களின் ஓரம் தடித்து வெடித்தபோது சாயத்தின்மேல் பழி போட்டார். வறட்டு இருமலுக்கு முடித்தூளைக் காரணம் காட்டினார். தொழிலிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒரு காலையில் தம் தலையைத் தாமே வார முடியாமல் சீப்பும் கையுமாக நின்றார். நாத்தனார் அன்றே அவரை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றார்.

நாற்காலியின் கதையைக் கேட்ட மருத்துவர், விரல்களைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் குழல் வைத்து மூச்சைக் கேட்டார். "மூணுக்கும் மூணு காரணம் தேடாதீங்கம்மா. ஒண்ணாவே இருக்கலாம்."

இரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. கிருமியை அடையாளம் காணவேண்டிய எதிர்ப்பொருள், செல்லுக்குள் புரதம் கட்டும் வேலைக்கு உதவும் உடலின் சொந்த நொதி ஒன்றையே பகையென்று குறித்திருந்தது. தசையை நேராகத் தாக்குவது அதுதானா என்பது இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. ஆனால் நோய் எந்தெந்த இடத்தைத் தொடக்கூடும் என்று அது காட்டிக்கொடுக்கும். அவரிடம் இருந்த வகை, தசையோடு நுரையீரலையும் விரல்தோலையும் தொடும் வகை.

"அப்ப சாயத்து மேல தப்பில்லையா டாக்டர்?"

"இல்ல. பாவம், அத விட்டுடுங்க."

"என் நாற்காலிக்கு எப்பப் போவேன்?"

"எங்க பாக்கணும்னுதான் இந்த ரிப்போர்ட் சொல்லும். எப்பன்னு உங்க கைதான் சொல்லணும்."

மருந்தில் இருமல் அடங்கியது, நுரையீரல் தப்பியது. கைதான் மெல்ல மெல்ல வந்தது. ஏழு மாதங்கள் அவர் தொலைபேசி மேசையில் அமர்ந்து, அடுத்தவர் கைக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலில் விரலை நுழைத்துப் பார்ப்பார், மூடிவிடுவார். ஈரமுடி இரு விரல்களுக்கிடையே வழுக்கி நிற்கும் அந்தக் கணத்துக்காக விரல்கள் ஏங்கின. அவருக்குத் தலை வாரிவிடுபவர் நாத்தனார்.

"உன் வகிடு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"ஓசியில வாரிவிட்டா இப்படித்தான் போகும்."

கூட்டம் தாங்கவில்லை. ஒன்றாம் தேதி முதல் ஜன்னல் நாற்காலிக்குப் புதிய பெண் வருவதாக நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் தலையசைத்தார். பிறகு, "வர்றதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை அதுல உக்காரு" என்றார்.

நாத்தனார் அமர்ந்தார். நாற்காலி அடிமட்டத்துக்கு இறங்கியது. வலப்பக்கம் முழுவதும் காதுக்குக் கீழே ஒரே கோடாக விழுந்தது வெட்டு. கை எதையும் மறந்திருக்கவில்லை. இடப்பக்கம் வந்தபோது முழங்கை நடுங்கித் தாழ்ந்தது. மறுபடி தூக்கினார். தாழ்ந்தது.

"மிச்சத்த அந்தப் பொண்ணு வந்து முடிக்கட்டும்," என்றார் அவர், கண்ணாடியைப் பார்க்காமல்.

நாத்தனார் துண்டை உதறி எழுந்தார். "என் தலையில இன்னொருத்தி கை வெக்கிறதா? நீங்களே முடிங்க அண்ணி. அந்தப் பொண்ணுக்கு உங்க நாற்காலி வேணா வாரக்கடைசியில மட்டும்னு சொல்லிடறேன். மத்த நாள் அவ என் நாற்காலில என்னோட மாத்தி மாத்தி நிக்கட்டும்."

மறுநாள் ஒருபக்கம் காதுவரையும் மறுபக்கம் தோள்வரையுமாக முடி தொங்க, நாத்தனார் கடையைத் திறந்தார். "உங்க தலைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்ட முதல் வாடிக்கையாளரிடம், "வேலை நடந்துட்டிருக்கு" என்றார்.

தொலைபேசி மேசையிலிருந்து கத்தரி அக்காவின் கண்கள் நாளெல்லாம் அந்த வெட்டாத பக்கத்திலேயே இருந்தன. மேசைக்கடியில், யாருக்கும் தெரியாமல், வெறுங்கை விரல்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.