வசந்தா டீச்சர் சொன்ன பூப்பெயர்கள்

வியாழக்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, சிதம்பரத்திலிருந்து வசந்தா டீச்சரின் மகன் பேசினார். “அம்மா விடியக்காலம் போயிட்டாங்க டீச்சர்.” அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடலூரில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரை நிமிர்ந்து பார்த்து, “நீ நெல்லிக்குப்பம் சேகர்தானே? இப்பவாவது கழித்தல் வருதாடா?” என்று கேட்டு, பேருந்தையே சிரிக்க வைத்தவர்.

ஒரே பள்ளியில் வேலை பார்த்த நாங்கள் இருவரும் ஒரு கோடையில் சிதம்பரத்தில் விடைத்தாள் திருத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆலப்பாக்கம் அருகே பேருந்து பழுதாகி நின்றது. இறங்கிச் சாலையோரம் நின்றோம், இருட்டத் தொடங்கியிருந்தது. திடீரென்று கடல் பக்கமிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு நெருப்புப் பந்து வந்தது. எங்கள் நிழல்கள் தார்ச்சாலையில் விழுந்து நகர்ந்தன. அது உடைந்து அணைந்தது. சற்றுப் பொறுத்துத் தூரத்தில் இடிபோல ஒரு சத்தம் கேட்டது.

எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, “மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, பூசணிப்பூ” என்றார். எரிநட்சத்திரம் பார்த்தால் மறதி வரும், உடனே பூப்பெயர் சொன்னால் வராது என்பார்கள். நான் சிரித்துவிட்டேன்.

“ஏ சயின்ஸ், சிரிக்காத. நீயும் சொல்லு.” நான் எடுத்த பாடத்தின் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார்.

“அது வெறும் கல்லு டீச்சர். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சூடாகுதில்ல? அந்த மாதிரி, வேகமா வர்ற கல்லு எதுத்தாப்புல இருக்குற காத்த அழுத்தி...”

“கல்லுன்னே வெச்சிக்க. நாலு பூப்பேரு சொன்னா உன் சயின்ஸ் செத்தா போயிடும்?”

நான் சொல்லவில்லை. கடலூர் வரும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

மறதி அவருக்குத்தான் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு வாய்ப்பாடு போயிற்று, பிறகு மகனின் பெயர்.

போன மாதம் பார்க்கப் போனேன். “யாரும்மா நீ? உக்காரு” என்றார். நெடுநேரம் கழித்து, ரகசியம் சொல்வதுபோல் என் பக்கம் குனிந்தார்.

“எங்கூட ஒருத்தி வேல பாத்தா. சயின்ஸ். எரிநட்சத்திரம் பாத்துட்டுப் பூப்பேரு சொல்லமாட்டேன்னுட்டா. எல்லாம் மறந்துபோயி எங்க நிக்கிறாளோ, பாவம்.”

“அவ அன்னிக்கே வீட்டுக்குப் போயி சொல்லிட்டா டீச்சர்.”

“சொல்லிட்டாளா?” என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னென்ன பூவு?”

மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி என்றேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

“பூசணிப்பூ” என்று அவர் எடுத்துக்கொடுத்தார்.

என்னைச் சயின்ஸ் என்று கூப்பிட இனி யாரும் இல்லை. அன்று விழுந்தது கல்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் விளக்கை அணைக்கும் முன் அந்தப் பூக்களைச் சொல்லிக்கொள்கிறேன். கடைசிப் பூவுக்கு முன் மட்டும் கொஞ்சம் நிறுத்துகிறேன்.