வரிசையில் அம்மாவின் இடம்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அத்தையின் அழைப்பு என் கைபேசியில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. கல்லூரிக்குப் போவதற்காகப் பழவேற்காட்டில் பொன்னேரிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"உங்கம்மா குனிஞ்சவ நிமிரல. கரைக்குத் தூக்கினு வந்துட்டோம். எறங்கி வா" என்றாள் அத்தை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள். முழங்காலளவு தண்ணீரில் தோளோடு தோளாக ஒரே வரிசையில் குந்துவார்கள். பறி என்னும் ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவியபடி நகர்வார்கள். வரிசையில் ஓர் இடைவெளி விழுந்தால் இறால் அதன் வழியே போய்விடும். ஆகவே நடுவில் இருப்பவர் பாதியில் எழுவதில்லை. எழ வேண்டியிருந்தால் ஓரத்தில் இருக்க வேண்டும். ஓரம் புதிதாக இறங்குபவர்களுக்கு உரியது. அம்மா பத்தொன்பது ஆண்டுகளாக நடுவில் இருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், நைனாவின் தங்கையான அத்தை.

மூன்று மாதமாகியும் அம்மாவின் முதுகுவலி விடவில்லை. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், அறுவை செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, எங்களை மாடியிலிருந்த ஓர் அறைக்கு அனுப்பினார். கதவில் 'மனநல ஆலோசனை' என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

"எனக்கு இன்னா பைத்தியமா? முதுவுல நோவுன்னா மண்டைக்கு இன்னாடி வைத்தியம்?"

கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றேன். ஆலோசகர் என்னைவிடச் சில வயதே மூத்தவர்.

"உங்க வலி பொய்யில்லம்மா" என்று தொடங்கினார். "அடிபட்ட எடம் ஆறிட்டாலும், இன்னும் ஆபத்து இருக்குன்னு மூளை சொல்லிக்கிட்டே இருக்கும். நீங்க பயந்து ஒடம்ப இறுக்கிக்கிறீங்க. அதுல வலி இன்னும் கூடுது."

பிறகு ஒரு முறையைச் சொன்னார். இருபது நிமிடம் வேலை. பின் எழுந்து நின்று ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுவது. வலி இருந்தாலும் இருபது, இல்லாவிட்டாலும் இருபது. "நோவு சொல்றதக் கேக்காதீங்க, கடிகாரம் சொல்றதக் கேளுங்க. நல்லா இருக்குதேன்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் செஞ்சிடாதீங்க."

"நான் எழுந்து நின்னா, எறா இன்னா எனக்காவ காத்துனு இருக்குமா?" என்றாள் அம்மா. ஆலோசகர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்னவை அனைத்தையும் நான் எழுதிக்கொண்டேன். அவர் சொல்லாத ஒன்றையும் செய்தேன். ஒரு நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடுகள் இழுத்து, நாளுக்கு நான்கு முறை, பத்துக்கு எத்தனை வலி என்று குறிக்கத் தொடங்கினேன். "இப்ப எவ்ளோம்மா?" என்று கேட்டதும் அம்மா கைவேலையை நிறுத்தி, கண்ணை மூடி, முதுகுக்குள் தேடி ஓர் எண்ணைக் கொண்டுவருவாள். அவள் வலியை மறந்திருந்த வேளைகளிலும் நான் கேட்டேன். எண் குறைந்த நாளில் நாள் முழுவதும் ஏரியில் இருந்தாள். கூடிய நாட்களில் பாயில் கிடந்தாள். இருபது நிமிடம் என் குறிப்பில் மட்டும் இருந்தது.

ஜூன் கடைசியில் அத்தை வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு நாள் வர, மூணு நாள் படுத்துக்கிற. ஓட்டைய வெச்சினு எறாவுக்கு நாங்க வழி காட்றதா, அண்ணி? அமாவாசை வரிக்கும் பாக்கறோம். அப்பால மூடிக்குவோம்."

ஒருமுறை மூடிய இடம் திரும்பத் திறக்காது. அம்மா தலையாட்டினாள்.

அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கையில், காலையில் அம்மா சொன்ன எண் இரண்டு. நோட்டில் அதுவரை அவ்வளவு சிறிய எண் வந்ததில்லை.

"ரெண்டுதாம்மா! போய்ட்டு வா. எல்லாருக்கும் காட்டிட்டு வா."

அன்று நான்கு மணி நேரம் எழாமல் இருந்தாள். மதியம் அவளை இரண்டு பேர் நடத்திக் கூட்டிவந்தார்கள். அதன்பின் மூன்று நாள் கொல்லைப்பக்கம் போவதற்கும் என் தோளைப் பிடித்தாள். மூன்றாம் நாள் ஆலோசகரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன்.

"யாரு போகச் சொன்னது?"

கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"இனிமே அந்த நம்பரக் கேக்காதீங்க. படுத்தே இருக்கவும் விடாதீங்க. இருபது வேணாம், அஞ்சு நிமிஷ வேலையில ஆரம்பிங்க" என்றார்.

அன்று மாலை, ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஓரத்துலயா? நேத்து எறங்குன பொண்ணுங்களோடவா? அதுக்கு நான் செத்துப்போலாம்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டுன்னு எழுதிக்கினு நீதான் போன்னு சொன்ன. நானும் போனேன்."

மறுநாள் அமாவாசை. அம்மாவிடம் சொல்லாமல் காலையில் கரைக்குப் போய் அத்தையிடம் ஓரத்தைக் கேட்டேன்.

"அண்ணி கேட்டாளா, நீ கேக்கிறியா?"

"நான்தான், அத்த."

"தெரிஞ்சா உன் முடியப் புடிச்சி சேத்துல அமுக்குவா" என்றாள். பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். அத்தை சிரிக்காமல், "சரி, வரச் சொல்லு" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு ஆணியில் தொங்கிய பறியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே மெதுவாக நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுவை மூடியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் போய்க் குந்தினாள்.

கைபேசியில் ஐந்து நிமிடம் ஆனதும் கரையிலிருந்து கூப்பிட்டேன். எழுந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி ஏரியைப் பார்த்து நின்றாள். வலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.