தகர டிரங்குக்குள் மச்சான்

தட்சிணாமூர்த்தி பகலெல்லாம் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற மனிதர். சனி ஞாயிறு வந்தால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மாயாஜாலக்காரர் ஆகிவிடுவார். டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்குப் பிறந்தநாளா, கூப்பிடு தட்சிணாமூர்த்தியை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தொப்பியிலிருந்து அவர் எடுக்கிற புறா கேக்கின் மேலேயே எச்சமிட்டாலும் ஜனம் கைதட்டும்.

அப்போது கூட இருந்தவன் காத்தவராயன். தட்சிணாமூர்த்தியின் மனைவி சுந்தரவல்லிக்கு அண்ணன். மச்சானை 'அவர்' என்று எழுதினால் தட்சிணாமூர்த்திக்கு ஆகாது, அதனால் இங்கே 'அவன்' என்றே இருக்கட்டும். இவர் கோலை ஆட்டுவார், அவன் பெட்டிக்குள் போவான், பூட்டிய பெட்டியிலிருந்து மாயமாய் வெளியே வருவான்.

கூட்டு உடைந்தது ஒரு பேனரால். கரோல் பாக்கில் எழுதி வாங்கிவந்த துணியில் 'மாயாஜால மன்னர் தட்சிணாமூர்த்தி' என்று ஆளுயரத்துக்கு எழுத்து. அடியில் கடுகளவில் 'உதவி: காத்தவராயன்.'

"உள்ள மூச்சு முட்டப் படுத்துக் கெடக்கறவன் உதவியா, மாப்ள?"

"துணியில எடம் பத்தல, மச்சான்."

அவ்வளவுதான் பேச்சு. சாமான்கள் பாகம் பிரிந்தன. புறாக்கள் இவருக்கு, தகர டிரங்கு அவனுக்கு. அடுத்த மாசமே அவன் 'மாயாஜாலச் சக்ரவர்த்தி' என்று பேனர் கட்டினான். மன்னரை விடச் சக்ரவர்த்தி பெரிய ஆளாயிற்றே, இவர் விடுவாரா? தன் பெயருக்கு முன்னால் 'அகில உலக' என்று சேர்த்துக்கொண்டார். ஆர்.கே.புரத்தைத் தாண்டிப் பக்கத்து மோதி பாக் வரைக்கும் போயிருப்பார், அதுதான் அகில உலகம்.

சிரிப்பாக இருந்தது ஒருநாள் விஷமாகிவிட்டது. ஒரு பிறந்தநாள் வீட்டில் இவர் முட்டையை மறையவைத்த நேரம், விருந்தாளியாக வந்திருந்த காத்தவராயன், "பசங்களா, மாமாவோட இடது கை சட்டைக்குள்ள பாருங்க" என்றான். பசங்கள் பாய்ந்தார்கள். முட்டை உடைந்து கோட்டெல்லாம் ஒழுகியது. அதற்குப் பிறகு யாரும் இவரைக் கூப்பிடவில்லை. மலை மந்திர் முருகன் முன்னால் நின்று, 'ஒரே ஒரு தடவை அவன் மேடையில மாட்டிக்கிட்டு முழிக்கணும்' என்று வேண்டிக்கொண்டார். சாமியிடம் போய் இதைக் கேட்கிற மனுஷனை என்னவென்று சொல்வது!

தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கல் விழா. வெளியே எதிரில் வருகிற ஆள் தெரியாத பனி. சமுதாயக் கூடத்தில் காத்தவராயனின் டிரங்கு வித்தை. தட்சிணாமூர்த்தி சுந்தரவல்லியோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாட்டின் அங்கி பளபளக்க மச்சான் வந்து குனிந்து வணங்கினான். அங்கி விலகியது. கழுத்தடியில் அரக்குநிற ஸ்வெட்டர் தெரிந்தது.

தட்சிணாமூர்த்திக்குச் சுரீர் என்றது. டிரங்கின் முதுகில் ஒரு ரகசியத் தகடு உண்டு. அதை உள்ளிருந்து நகர்த்தி, ஒருக்களித்து நழுவ வேண்டும். வெறும் பனியனோடு போனால்தான் உடம்பு நுழையும். அவனே உள்ளே படுத்து அளவு காட்ட, இரண்டு பேருமாய் வெட்டிய வழி அது. ஐப்பசியில் ஒத்திகை பார்த்தவன் தை மாசக் குளிரில் ஸ்வெட்டரை மறந்தே போனான். டெல்லியில் குளிர்காலத்தில் அது தோலோடு தோலாக ஒட்டிக்கொள்கிற சமாசாரம் அல்லவா.

'ஸ்வெட்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்சிணாமூர்த்தி சொல்லவில்லை.

காத்தவராயன் உள்ளே படுத்ததும் சங்கச் செயலாளர் பாலசுப்ரமணியம் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். படுதாவை இழுத்துவிட்டு, "அச்சா, எல்லாரும் கைதட்டிக்கிட்டே இருங்க ஜி" என்றார். டேப்பில் பேண்டு இசை ஓடியது. படுதாவுக்குப் பின்னால் தகரம் தடதடத்தது. ஜனம் சிரித்தது. இசை தீர்ந்து டேப் தானாக நின்றது. தடதடப்பு மட்டும் நிற்கவில்லை.

"என்னங்க, அண்ணன் இந்நேரம் வந்துருக்கணுமே."

"ஒன் அண்ணன் புதுசா ஏதோ பண்றான். நான் மேல போனா, பின்னாலேர்ந்து வந்து என்னையே கோமாளி ஆக்குவான். பேசாம இரு."

சொன்னது அவளிடம், சமாதானம் செய்துகொண்டது தன்னை. இன்னும் கொஞ்சம் முழிக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. தகரச் சத்தம் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

தட்சிணாமூர்த்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். "ஜி, இது புரோகிராம்ல இல்லையே" என்று மறித்த பாலசுப்ரமணியத்தை இடித்துக்கொண்டு படுதாவுக்குள் புகுந்தார். தகட்டு வழியாக ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. ஸ்வெட்டர் உள்கொக்கியில் மாட்டி, சுருண்டு ஏறி, கழுத்தை இறுக்கியிருந்தது. கொக்கியைப் பிடுங்கினார், கம்பளியைப் பல்லால் கடித்துக் கிழித்தார், மச்சானை வெளியே இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். "மச்சான், மச்சான்" என்று அழுதார். நீலம் பாரித்த முகத்தில் ஒரு இருமல் வந்தது. பிறகு மூச்சு.

அதற்குள் படுதா அறுந்து விழுந்தது. தட்சிணாமூர்த்தி மடியில் காத்தவராயன். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பாலசுப்ரமணியம் மைக்கைப் பிடுங்கி, பிரிந்தவர்கள் சேர்ந்த அதிசயம்தான் இன்றைய மாயம் என்று முழங்கினார். இரண்டாவது வரிசையில் சுந்தரவல்லி புருஷனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதாள்.

காத்தவராயன் தட்டுத்தடுமாறி எழுந்தான். தட்சிணாமூர்த்தியின் கையைப் பிடித்து ஜனத்துக்கு உயர்த்திக் காட்டினான். சிரித்த முகம் மாறாமல் காதோரம் பேசினான். குரல் கரகரத்தது.

"மூடி விழறதுக்கு முன்னாடி ஒன் மூஞ்சியப் பாத்தேன் மாப்ள. நீ சிரிச்ச. எதையோ மறந்துட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒன் முன்னால தோத்து எந்திரிக்க மனசு வரல, படுத்தே கெடந்துட்டேன்."

தட்சிணாமூர்த்தி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

"வல்லிகிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றான் காத்தவராயன். "நீ சொல்லு."

கைதட்டல் ஓயும்வரை அவன் பிடியைத் தளர்த்தவில்லை.