நாடா கட்டிக் கொடுத்த மிசின்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், அச்சுவேலிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. இதைச் சொன்னால் என் மானம்தான் போகும். போனால் போகட்டும்.

எங்கள் தேவாலயத்தின் உதவிக் குழுவுக்கு நான்தான் செயலாளர். சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறியிருந்த நேரம். லண்டனில் இருக்கும் எங்கள் சபைப் பிள்ளைகள், கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று காசு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஒரு நிபந்தனையும் போடவில்லை. போட்டது நான். காசாகக் கொடுப்பதில்லை, பொருளாகத்தான் கொடுப்போம், கொடுத்த பொருளை விற்கக் கூடாது என்று படிவம் அடித்து, கீழே கையெழுத்து வைக்கக் கோடும் போட்டு வைத்திருந்தேன். அந்தப் படிவத்தில் எனக்கு ஒரு தனிப் பெருமை வேறு!

நாங்கள் தெரிவு செய்தது எங்கள் சபைக் குடும்பம் அல்ல. பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு சைவக் குடும்பம். குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறவர்கள். மார்கழியில் ஒரு ஓட்டோ விபத்தில் கணவருக்குக் கால் முறிந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. விண்ணப்பம் எழுத அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். என்ன வேண்டும் என்று நான் கேட்டேன். கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன் என்பதுதான் உண்மை.

“காசாத் தந்தால் நல்லம், அக்கா” என்றாள்.

“காசு குடுக்க ஏலாது, பிள்ளை. பொருளாத்தான்.”

“அப்ப உங்கடை விருப்பம்.”

அவ்வளவுதான் பேச்சு. தோட்டக்காரருக்குத் தண்ணீர்தானே முக்கியம் என்று நானே தீர்மானித்தேன். மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு இறைப்பு மிசின் வாங்கினோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதற்குச் சிவப்பு நாடா கட்டி, அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, படிவத்திலும் கையெழுத்து வாங்கினோம். அவள் சிரித்தபடிதான் நின்றாள். எனக்கோ ஏதோ பெரிய காரியம் செய்து முடித்த நினைப்பு.

மிசின் ஓடுகிற மாதிரி ஒரு படம் லண்டனுக்கு அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று பத்து நாள் கழித்து அவர்களின் தோட்டத்துக்குப் போனேன். சுற்றிவரப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் வெங்காயம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இவர்களின் துண்டு மட்டும் வெறும் செம்மண். பாத்தி கட்டியிருந்தது, ஒரு வெங்காயத் தாள்கூட இல்லை. விறுவிறென்று வீட்டுக்குப் போனேன். அங்கே மூலையில் மிசின் இருக்கிறது, நாடாவும் அவிழ்க்காமல்! தூசி படாமல் ஒரு பழைய சேலையால் போர்த்தி வேறு வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உதவி செய்தால் இதுதான் கதி, உங்களுக்கெல்லாம் அக்கறை இல்லை, ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா என்று வாசலில் நின்றே பொரிந்து தள்ளினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்த கணவர்தான் வாயைத் திறந்தார்.

“அக்கா, எங்கடை கிணறு பங்குக் கிணறு. ஆறு பங்கு. எல்லாருக்கும் பொதுவா கரண்ட் மோட்டர் பூட்டி எட்டு வருசமாகுது. எங்கடை முறை வியாழக்கிழமை. அண்டைக்கு முழுக்கத் தண்ணி எங்களுக்குத்தான். உந்த மிசினைக் கொண்டுபோய் நான் எங்கை வைக்கிறது?”

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பெரும்பாலும் பங்குக் கிணறுகள்தான். முறை வைத்துத்தான் இறைப்பார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையே! அவர்களுக்கு இல்லாதது தண்ணீர் அல்ல, விதை வெங்காயம். கணவர் விழுந்த பிறகு இருந்த விதையையும் விற்று மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்திருந்தார்கள். மாத முடிவுக்குள் நடாவிட்டால் காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கொடிகாமத்தில் இருக்கிற காணிக்காரர் சொல்லிவிட்டாராம். காணி போனால் அதோடு வியாழக்கிழமை முறையும் போய்விடும். பிறகு அவர்களுக்குப் பிழைப்பே இல்லை. மாத முடிவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

“ஏன் பிள்ளை, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?” என்று அதற்கும் அவளையே கேட்டேன்.

“சொன்னனான்தானே அக்கா, காசாத் தாங்கோ எண்டு.”

“அப்ப உதை வித்தாவது நட்டிருக்கலாம்.”

“விக்க மாட்டன் எண்டு கையெழுத்து வாங்கினீங்கள்.”

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று பின்னேரமே குழுவைக் கூட்டினேன். ஐயோ, அந்தக் கூட்டம்! காசாகக் கொடுத்தால் அந்த மனிதன் கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போய்விடுவான் என்று ஒருவர் ஆரம்பித்தார். “முறிஞ்ச காலோடை அந்தாள் தவறணைக்குப் பறந்தோ போறது?” என்று கத்திவிட்டேன். இன்னொருவர், இதை ஆராய மூன்று பேரை நியமித்து அடுத்த மாதம் முடிவு எடுப்போம் என்றார். அடுத்த மாதம்! பேசிப் பேசித் தேநீர் குடித்ததுதான் மிச்சம். ஆனால் அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? அவர்கள் சொன்னது அத்தனையும் போன மாதம் நான் சொன்ன கதைதான்.

அடுத்த நாள் காலையில் ஒரு ஓட்டோவைப் பிடித்து, மிசினை ஏற்றிக்கொண்டு, வாங்கின கடைக்கே போனேன். ஓடாத மிசின், நாடாகூட அவிழ்க்கவில்லை, எடுத்துக்கொண்டு காசைத் தாருங்கள் என்றேன். முதலாளி மிசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“காசாத் தர ஏலாது அக்கா. சாமானா எடுங்கோ. நல்ல வாளி இருக்கு, குழாய் இருக்கு, மண்வெட்டி இருக்கு.”

“எனக்கு என்னத்துக்கு ஐயா வாளி? எனக்குத் தேவை காசு!” என்று சொல்லி முடிப்பதற்குள் என் காது இரண்டும் சுட்டுவிட்டது. கோதாரி விழுந்த கதை, எனக்கே திருப்பி நடக்கிறதே! என் காசு, என் தேவை, ஆனால் அந்த மனிதர் எனக்கு வாளி தெரிவு செய்து தருகிறார். அதுவும் நல்ல மனதோடுதான் தருகிறார். அதுதான் இன்னும் எரிச்சல். அப்படியானால் அந்தப் பெண் அன்று எப்படிச் சிரித்துக்கொண்டு நின்றாள் என்று அந்தக் கடை வாசலில்தான் யோசித்தேன்.

ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்பட்டு, அவர் கழித்தது போக மீதியைக் காசாக வாங்கினேன். குழுவிடம் கேட்கவில்லை. பிறகு ஏச்சு வாங்கினேன், அது வேறு கதை. நேரே போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். பார்த்துச் செலவழி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நல்ல காலம், விழுங்கிவிட்டேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? வியாழக்கிழமை தோட்டத்துக்கு எட்டிப் பார்க்கப் போனேன். ஆறேழு பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து வெங்காயம் நடுகிறார்கள். மோட்டார் ஓடுகிறது. கணவர் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, எந்தப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து, வேலியோரத்து அடுப்பில் இருந்து கோழிக்கறி வாசம்! எனக்குச் சுருக்கென்று ஏறியது. காசைக் கண்டதும் கோழியோ என்று நினைத்தேன். முகத்திலும் காட்டியிருப்பேன் போல.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “கூலிக்கு ஆள் பிடிச்சால் விதைக்குக் காசு காணாது, அக்கா. ஒழுங்கைச் சனம் சும்மா வந்து நட்டுத் தருகினம். ஒரு நேரம் நல்ல சோறு குடுக்க வேண்டாமோ? நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ.”

ஒரு கோழிக்கறியில் ஆறேழு பேரின் கூலியை மிச்சம் பிடித்திருக்கிறாள்! நான் அடித்த படிவத்தில் அந்தக் கோழிக்கு ஒரு வரி இருந்ததா? நானும் பாத்தி வரம்பில் இருந்து சாப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கறி நல்ல ருசி.

பங்குனிக் கடைசியில் வெங்காயம் கிண்டி எடுத்தார்கள். காணிக்காரர் வந்து பார்த்து, குத்தகையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கொடுத்தார். இந்த உலகத்தில் நல்லது செய்ய நினைக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கஷ்டப்படுகிற ஒருத்தி தனக்கு இன்னதுதான் வேண்டும் என்று வாய் திறந்து சொன்னால் அதை நம்புவதற்கு, வயது ஐம்பதைத் தாண்டியும், ஜெபம் செய்யத் தெரிந்தும், எனக்கு இத்தனை அலைச்சல் தேவைப்பட்டதே!